பன்னிரண்டு மணி நேர வேலைக்கு நடுவே ஒரு நாவல்

நம் நாட்டில் தமிழில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஞாயிறு பதிப்புகளில் சிறுகதை எழுதிப் பழகியவர்கள். நானும் அப்படித்தான். சனிக்கிழமை இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்தால், விடிவதற்குள் ஒரு கதையின் முதல் படி தயாராகிவிடும். நாவலுக்கு அப்படி ஓர் இரவு கிடையாது. இரண்டு மூன்று ஆண்டுகளின் சாதாரண நாட்கள் அதற்குத் தேவை. சம்பள நாள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாள், மாமியாரை மருந்தகத்துக்கு அழைத்துப் போகும் நாள், இவை எல்லாவற்றுக்கும் நடுவே அது மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"மனசுல ஒரு நாவல் இருக்கு, எழுதத்தான் நேரமில்லை" என்று சொல்லாத எழுத்தாள நண்பர்களே எனக்கு இல்லை. நேரம் குறைவு என்பது உண்மைதான். ஆனால், இருக்கிற நேரத்துக்குப் பொருந்துகிற ஒரு வழி அமைந்துவிட்டால் கொஞ்ச நேரமே நிறைய வேலை செய்கிறது என்பதைக் கடந்த இரண்டு ஆண்டுகளில் பார்த்துவிட்டேன். அந்த வழியை நான் தேடிய கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நான் மேரு பக்கத்தில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. இரண்டு வாரம் காலை 7 மணி முதல் இரவு 7 வரை. அடுத்த இரண்டு வாரம் இரவு 7 மணி முதல் காலை 7 வரை. ஞாயிறு மட்டும் ஓய்வு. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மகள் ரப்பர் கையுறையில் ஓட்டை பார்க்கிறாள். ஒரு தலைமுறையில் நாங்கள் நகர்ந்த தூரம் அவ்வளவுதான் என்று வீட்டில் கேலியாகச் சொல்லிக்கொள்வோம்.

நான் எழுதும் நாவல் அம்மாவின் தலைமுறையைப் பற்றியது. கோல சிலாங்கூர் வட்டாரத்தில் நாங்கள் பிறந்த தோட்டம் முதலில் ரப்பர், பிறகு செம்பனை, இப்போது தாமான். லயங்கள் இருந்த இடத்தில் இரண்டு வரிசை கடைவீடுகள் நிற்கின்றன. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல தோட்டக் குடும்பங்கள் இரண்டாக உடைந்தன. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. என் தாய்மாமா மனைவி மக்களோடு ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினம் போனார். திரும்பி வரவில்லை. சயாம் ரயில்பாதையில் மாண்டவர்களின் கதையை ஆர்.சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ.ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' போன்ற நாவல்கள் நமக்குக் காத்துக் கொடுத்தன. பெர்மிட் காலத்தில் எங்கள் லயத்தில் நடந்ததை அப்படிச் சொல்லக்கூடியவர் இன்று ஒருவர்தான் மிச்சம். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா. வயது 83. எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மறதி நோயின் தொடக்கம் என்று மருத்துவர் சொன்னார். அன்றிலிருந்து இந்த நாவலுக்கு ஒரு கெடு வந்துவிட்டது.

மாதிரி எடுத்துப் பார்ப்பது

எங்கள் தொழிலில் கையுறையைச் சோதிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு லாட்டில் இருக்கும் எல்லாக் கையுறைகளையும் சோதிக்க மாட்டோம். சிலவற்றை மாதிரியாக எடுப்போம். ஒவ்வொன்றிலும் 1 லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, 2 நிமிடம் பார்ப்போம். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் விரல் நுனியில் ஒரு சொட்டு தெரிந்துவிடும். மாதிரியின் முடிவு முழு லாட்டையும் பற்றிச் சொல்லிவிடும்.

எழுதும் முறைகளையும் அப்படியே சோதிக்கலாம் என்று தோன்றியது. ஒவ்வொரு முறைக்கும் மூன்று வாரம். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டம் போட்டேன். முதல் கட்டத்தில் தேதியும் ஷிப்டும். இரண்டாவதில் எவ்வளவு எழுதினேன் என்பது. மூன்றாவதில் ஒரே ஒரு கேள்வி: நாளைக்கும் இதில் உட்காரத் தோன்றுகிறதா? ஆம், இல்லை என்று ஒரு சொல் போதும்.

முதலில் முழுத் திட்டம் போடும் முறை. நாற்பது அத்தியாயங்களுக்கும் சுருக்கம் எழுதி, யார் எப்போது வருகிறார், எங்கே போகிறார் என்று அட்டவணை போடுவது. அட்டவணை அழகாக வந்தது. ஆனால் மூன்றாம் கட்டத்தில் ஒன்பதாம் நாளிலிருந்து 'இல்லை', 'இல்லை' என்றே விழுந்தது. முடிவு தெரிந்துவிட்டதும் சொல்லும் ஆவல் எனக்கு வற்றிவிடுகிறது. துப்பறியும் நாவல் எழுதுகிறவருக்கு இதே அட்டவணை உயிர்நாடியாக இருக்கலாம். கொலையாளி யார் என்று தெரியாமல் அவர் தடயங்களை எங்கே வைப்பார்?

அடுத்தது, தினமும் ஒரே நேரத்தில் உட்காரும் முறை. இதற்குப் பெரிய முன்னோடி ஆந்தனி டிராலப். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அஞ்சல் துறையில் வேலை செய்துகொண்டே எழுதியவர். மொத்தம் 47 நாவல்கள். காலை 5.30க்கு மேசையில் இருப்பார். எதிரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதுவார். தன்னை எழுப்பிவிடும் வேலைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுன் கூடுதலாகக் கொடுத்தார். படிக்கும்போதே உற்சாகம் வருகிறது. ஆனால் டிராலப்புக்கு ஷிப்டு மாறவில்லை. எனக்கு ஒரு வாரத்தின் காலை 5.30 எழுந்திருக்கும் நேரம். அடுத்த வாரத்தின் காலை 5.30, நாலாவது கோப்பிக்குப் பிறகு கையுறைப் பெட்டிகளுக்கு நடுவே கண்ணைத் திறந்து வைத்திருக்கும் நேரம். 21 நாட்களில் ஆறு நாள்தான் எழுதியிருந்தேன். ஆறும் பகல் ஷிப்டு நாட்கள்.

மூன்றாவது, முப்பது நாளில் 50,000 சொற்கள். 1999இல் அமெரிக்காவில் ஒரு சிறு நண்பர் குழு தொடங்கி உலகமெங்கும் பரவிய நவம்பர் மாதப் பழக்கம் இது. அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டாலும் கணக்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. நாளொன்றுக்கு 1,667 சொற்கள். நல்லதோ கெட்டதோ, திரும்பிப் பார்க்காமல் ஓடு என்பதுதான் இதன் தத்துவம். தயங்கித் தயங்கி முதல் அத்தியாயத்தையே இழைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது நல்ல மருந்து.

தமிழில் முயலும்போது இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். ஒன்று, அந்தச் சொல் கணக்கு ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கு. 'அவன் சொல்லாவிட்டால் என்னால் போயிருக்கமுடியாது' என்பது தமிழில் நான்கே சொல். ஆங்கிலத்தில் இதைச் சொல்லப் பத்துச் சொல்லுக்கு மேல் வேண்டும். காலம், எதிர்மறை, நிபந்தனை எல்லாம் நம் மொழியில் வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே 50,000 தமிழ்ச் சொற்கள் என்பது அவர்களுடைய 50,000ஐவிட நல்ல நீளமான நாவல். இந்தச் சவாலில் இறங்கி, எண்ணிக்கை எட்டவில்லையே என்று சோர்ந்துபோன தமிழ் எழுத்தாளர் யாராவது இருந்தால், தயவுசெய்து உங்களை மன்னித்துவிடுங்கள். இரண்டாவது விஷயம் எனக்கு முக்கியமானது. மூன்று வாரத்தில் 18,000 சொல் எழுதினேன். சத்தமாகப் படித்துப் பார்த்தால் அதில் எங்கள் தோட்டத்து ஆட்களே இல்லை. எல்லோரும் பத்திரிகைத் தமிழ் பேசினார்கள். வேகமாக எழுதும்போது கைக்குப் பழகிய மொழிதான் முந்திக்கொண்டு வருகிறது.

காதில் வந்த கதை

அப்போதுதான் ஒரு கேள்வியை என்னிடமே கேட்டேன். இந்தக் கதை எனக்கு எந்த வழியாக வந்தது? கண்ணால் பார்த்ததா, காகிதத்தில் படித்ததா, காதால் கேட்டதா?

பதில் தெளிவாக இருந்தது. காதால் கேட்டது. மாலையில் லயத்து வாசலில், கூந்தல் உலர்த்திக்கொண்டும் அரிசி புடைத்துக்கொண்டும் பெரியம்மாவும் அம்மாவும் பக்கத்து வீட்டு ஆயாவும் பேசியதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தக் கதைகளில் ஒன்றையாவது அவர்கள் தேதி வாரியாகச் சொன்னதில்லை. "அந்த வெள்ளம் வந்தப்ப" என்று தொடங்கி, பத்து ஆண்டு முன்னால் போய், ஒரு கல்யாணத்தைத் தொட்டுவிட்டு, வெள்ளத்துக்கே திரும்பி வருவார்கள். காதால் வந்த கதையை வாயால் எடுத்தால் என்ன?

வாயால் நாவல் பிறந்ததற்கு நம் பக்கத்து நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. இந்தோனேசிய எழுத்தாளர் பிரமூடியா அனந்தா தோயர், விசாரணையே இல்லாமல் புரு தீவில் பத்தாண்டு கைதியாக இருந்தவர். எழுதும் வசதி மறுக்கப்பட்ட காலத்தில், தன் நாவலைச் சக கைதிகளுக்கு வாய்மொழியாகவே சொன்னார். பிறகு தாளும் தட்டச்சும் கிடைத்தபோதுதான் அது எழுத்தானது. 'பூமி மானூசியா' 1980இல் நூலாக வந்தது. அந்த வரிசையில் மொத்தம் நான்கு நாவல்கள். அவருக்கு அது கட்டாயத்தால் வந்த வழி. அவர் பட்ட துன்பத்துக்குப் பக்கத்தில் என் ஷிப்டு வேலையை வைக்கவே முடியாது. ஆனாலும், சொல்லிச் சொல்லிப் பதப்பட்ட ஒரு கதை பிறகு எழுத்தில் நிற்கும் என்ற நம்பிக்கையை அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

எப்போது சொல்வது என்பதுதான் அடுத்த சிக்கல். என் நோட்டுப் புத்தகத்தின் முதல் கட்டத்தைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. என் நாட்களில் கடிகாரம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் ஷிப்டு முடிவது என்ற ஒன்று தினமும் நடக்கிறது. பகலோ இரவோ, வேலை முடிந்து காருக்குள் உட்காரும்போது தொழிற்சாலை வாசலில் லோரிகளும் பேருந்துகளும் அடைத்துக்கொண்டு நிற்கும். இருபது நிமிடத்துக்கு வண்டி நகராது. அந்த இருபது நிமிடம் இரண்டு ஷிப்டுக்கும் பொது. கார் நிறுத்துமிடத்தை விட்டுக் கிளம்பாமலே கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, பெரியம்மா யாரிடமோ சொல்வதுபோல ஒரு காட்சியைச் சொல்லத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு ஒரு காட்சி. ஏழு நிமிடம், எட்டு நிமிடம். நபோக்கோவ் தன் 'லோலிட்டா' நாவலின் சில பகுதிகளை நிறுத்தி வைத்த காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து அட்டைகளில் எழுதினார் என்று பிறகு படித்தபோது, கார் நிறுத்துமிடத்தில் தனியாகப் பேசிக்கொண்டிருக்கும் கூச்சம் கொஞ்சம் குறைந்தது.

மூன்று வாரத்தில் 18 வேலை நாள், 16 பதிவுகள். மூன்றாம் கட்டத்தில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் 'ஆம்'. அதோடு சோதனையை நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிறு காலை பிள்ளைகள் பசியாறி முடித்ததும், அந்த வாரப் பதிவுகளைக் கேட்டு, உயிருள்ள இரண்டை மட்டும் எடுத்துத் தட்டச்சு செய்வேன். குரலைத் தானாகவே எழுத்தாக்கும் வசதி தொலைபேசியில் இருக்கிறது. ஆனால் 'இருந்துச்சி', 'வந்துக்கிட்டு' போன்றவற்றை அது திருத்தி ஒழுங்குபடுத்திக் கொல்கிறது. கையால் தட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. நிறுத்தி நிறுத்திக் கேட்கும்போதே தேவையில்லாத வரி எது என்று விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. எட்டு நிமிடப் பேச்சு ஏறக்குறைய இரண்டு பக்கமாகச் சுருங்கும்.

அழ நேரம் ஏது?

அன்று மாலை பெரியம்மா வீட்டுக்குப் போய், தட்டச்சு செய்ததை வாசித்துக் காட்டுவேன். ஓட்டை பார்க்கும் தண்ணீர்ச் சோதனை இதுதான்.

மாமா குடும்பம் புறப்பட்ட நாளை வாசித்த மாலையை மறக்க முடியாது. லயமே திரண்டு நின்று அழுததாக எழுதியிருந்தேன். சினிமாவிலும் கதைகளிலும் பிரிவு அப்படித்தானே இருக்கும். பெரியம்மா கேட்டுக்கொண்டே இருந்தவர், "அழுவுறதுக்கு நேரம் ஏது? அன்னிக்கும் பால்வெட்டு இருந்துச்சே" என்றார். பிறகு மெதுவாக வந்தது. அன்று அவருக்கு ரோட்டோர நிரை. உளியும் கையுமாக மரத்தில் நின்றபோது லோரி வரும் சத்தம் கேட்டது. ஓடினால் கிட்டத்தில் பார்க்கலாம். ஓடினால் நிரை முடியாது. மண்டோர் அரைப்பேர் போட்டுவிடுவார். அன்றைக்கு அரைப்பேர் விழுந்தால் அந்த மாதம் கடைக்கணக்கு தீராது. மரங்களுக்கு இடையில் லோரியும் அதன் பின்னால் செம்மண் தூசியும் தெரிந்தன. மாமா தன்னைப் பார்த்தாரா இல்லையா என்பது அவருக்கு இன்று வரை தெரியாது. "ஆரன் மட்டும் ரெண்டு வாட்டி அடிச்சிச்சி. அண்ணன் சொல்லி அடிச்சதா, டிரைவர் சும்மா அடிச்சானா, தெரியல."

அந்த அத்தியாயத்தில் இப்போது யாரும் அழுவதில்லை. இரண்டு முறை ஹாரன் ஒலிக்கிறது. அதற்குப் பிறகு பெரியம்மா அடுத்த மரத்துக்குப் போகிறார்.

அந்த மாலைக்குப் பிறகு என் எழுத்து வரிசையை அடியோடு மாற்றினேன். அதுவரை எந்தக் காட்சி மனதில் வருகிறதோ அதைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். பெர்மிட் சட்டம், ரப்பர் விலை, செம்பனைக்கு மாறிய காலம் போன்றவை நூலகத்திலும் பழைய நாளிதழ்களிலும் இருக்கும். அடுத்த ஆண்டும் இருக்கும். பெரியம்மாவுக்கு மட்டும் தெரிந்தது அடுத்த ஞாயிறு இருக்குமா என்பது நிச்சயமில்லை. ஆகவே ஒரு தாளில் 'அவருக்கு மட்டுமே தெரிந்தவை' என்று தலைப்பிட்டு 40 காட்சிகளை எழுதி, அவற்றை முதலில் சொல்லத் தொடங்கினேன். நாவலின் நடுப்பகுதி முதலில் வந்தது. முதல் அத்தியாயம் இன்னும் எழுதப்படவில்லை. வயதானவர்களின் நினைவை நம்பி எழுதும் எவருக்கும் இந்த ஒன்றை மட்டும் கைகூப்பிச் சொல்வேன். தாளில் இருப்பது காத்திருக்கும். ஆளிடம் இருப்பதை முதலில் எடுங்கள்.

வரிசையில்லாமல் எழுதினால் குழப்பம் வராதா என்று கேட்பீர்கள். வரும். அதற்காக ஒரே ஒரு அட்டவணை வைத்திருக்கிறேன். இடது பக்கம் ஆண்டு. அதற்கு நேரே ஒவ்வொரு பாத்திரத்தின் வயது. 1970இல் பெரியம்மாவின் பாத்திரத்துக்கு 28, மாமாவுக்கு 31, அவர் மகளுக்கு 6. அவ்வளவுதான் என் திட்டம். ஆறு வயதுப் பெண் என்றால் பள்ளி போகாதவள், கப்பல் என்றால் விளையாட்டு என்று நினைப்பவள். பாதிக் காட்சி அந்த எண்ணிலிருந்தே வந்துவிடும்.

பெரியம்மாவின் ஞாயிறுகள் இப்போது ஒரே மாதிரி இருப்பதில்லை. சில நாள் என்னை அம்மா என்று நினைத்துக்கொண்டு, அரிசி ஊறவைத்தாயா என்று கேட்கிறார். நானும் ஊறவைத்துவிட்டேன் என்பேன். பிறகு வாசிப்பேன். பால்வெட்டுக் காட்சி வரும்போது அவர் வலது மணிக்கட்டு மடியில் மெல்லச் சாய்ந்து இழுக்கும். நான் எழுதியிருக்கும் வேகத்துக்கும் அந்தக் கையின் வேகத்துக்கும் பொருந்தவில்லை என்றால், வீட்டுக்கு வந்து அந்தப் பத்தியை மாற்றிவிடுவேன். வாயால் திருத்த முடியாத நாட்களில் கையால் திருத்துகிறார்.

உங்களுக்கு எது பொருந்தும் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950இலிருந்து வாராவாரம் தொடராக எழுதினார். ஜெயமோகன் 2014இல் 'வெண்முரசு' வரிசையைத் தொடங்கி நாள்தோறும் ஓர் அத்தியாயம் வெளியிட்டு, 26 நாவல்களாக 2020இல் முடித்தார். காத்திருக்கும் வாசகர்தான் அவர்களை மேசைக்கு இழுத்தார் என்று நினைக்கிறேன். எனக்குக் காத்திருப்பவர் ஒரே ஒருவர்; அதுவே போதுமானதாக இருக்கிறது. உங்களுக்கு அட்டவணை பொருந்தலாம், அதிகாலை பொருந்தலாம், பிள்ளையை டியூசனில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் ஒரு மணி நேரம் பொருந்தலாம். மூன்று வாரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் செலவழித்தால் தெரிந்துவிடும். எத்தனை பக்கம் என்ற கட்டத்தைவிட, நாளைக்கும் உட்காரத் தோன்றுகிறதா என்ற கட்டத்தை நம்புங்கள். அதோடு, உங்கள் நாளில் தவறாமல் நடக்கும் ஏதாவது ஒன்றோடு எழுத்தைக் கட்டிவிடுங்கள்.

இதுவரை 34 காட்சிகள் தட்டச்சாகியிருக்கின்றன. 31ஐப் பெரியம்மா கேட்டுவிட்டார். 'அவருக்கு மட்டுமே தெரிந்தவை' தாளில் இன்னும் ஆறு பாக்கி. அதில் ஒன்று, மாமா ஊருக்குப் போய் எழுதிய முதல் கடிதத்தைக் கங்காணி வாசித்துக் காட்டிய நாள். கடிதம் தொலைந்துவிட்டது, அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத்தான் தெரியும். இந்த வாரம் எனக்கு இரவு ஷிப்டு. சனிக்கிழமை காலை 7 மணிக்கு அதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்லிப் பதிவு செய்து, ஞாயிறு மாலை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.